பிறப்பும் பயிற்சியும்: விஞ்ஞானப் புனைகதையிற் சித்திகளின் உயிரியல்

மனித உடலின் எல்லையைக் கடந்த ஆற்றல்களைப் பற்றிய கதைகள் எல்லா நாட்டு இலக்கியங்களிலும் உண்டு. பிறர் மனத்திலுள்ளதை அறிதல், வரப்போவதை முன்னரே காணல், தொடாமலே ஒரு பொருளை அசைத்தல் என்பன அவற்றுட் சில. பழங்கதை கூறியவனுக்கு இவற்றின் காரணத்தை விளக்க வேண்டிய கடப்பாடு இருக்கவில்லை. தெய்வத்தின் அருள், முனிவர் தந்த வரம், தவத்தின் வலி என ஒரு சொற் சொல்லி அவன் மேலே செல்லலாம். கேட்போரும் அவ்வளவில் அமைவர். விஞ்ஞானப் புனைகதை எழுதுவோனுக்கு அந்தச் சலுகை இல்லை. இஃது எவ்வாறு இயலும் என்று வினவும் வாசகனையே அவன் தேர்ந்துகொண்டிருக்கின்றான். ஆகவே அவன் பெரும்பாலும் உயிரியலை நாடுகின்றான். மூளையில் ஒரு புதிய உறுப்பு, குருதியில் ஒரு நுண்ணுயிர், பரம்பரையலகில் ஒரு விகாரம், உணவில் ஓர் அரிய மருந்து என ஏதேனும் ஒன்றைக் காட்டி வாசகனை இணங்கச் செய்கின்றான்.

இவ்வழக்கத்தைக் குறை கூறுவோர் இரு திறத்தினர். விஞ்ஞானங் கற்றோர், கதையில் வரும் உயிரியல் பொய்யானது என்பர். கலைச்சுவை நாடுவோர், விளக்கம் புகுந்தவுடன் வியப்பு மறைந்துவிட்டது என்பர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. எனினும், இவ்விரண்டினும் முதன்மையான வினா ஒன்று கேட்கப்படாமலே விடப்படுகின்றது. ஓர் ஆற்றல் எங்கிருந்து வருகின்றது என்று ஆசிரியன் கூறும்போதே, அதனை அடையத்தக்கவர் யார் என்பதையும் அவன் கூறிவிடுகின்றான். காரணம் குருதியில் இருப்பின், கற்கும் மாணாக்கனுக்கு அங்கு வேலை இல்லை. காரணம் பயிற்சியில் இருப்பின், குலத்துக்கு அங்கு மதிப்பில்லை. ஆகவே சித்திகளுக்குக் கூறப்படும் உயிரியல், கதையின் அறத்தையே நிருணயிக்கும் வன்மையுடையது. இக்கட்டுரை அந்நோக்கிற் சில படைப்புக்களை ஆராய முயல்கின்றது.

இவ்வாராய்ச்சிக்கு ஓர் அளவுகோல் நம் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றது. பதஞ்சலியின் யோகசூத்திரம், தன் நான்காம் பாதத்தின் தொடக்கத்திற் சித்திகள் தோன்றும் வழிகளை ஐந்தாக வகுத்துள்ளது. பிறப்பு, மருந்து, மந்திரம், தவம், சமாதி என்பன அவை. மேலைநாட்டு விஞ்ஞானப் புனைகதை எதனைப் படித்தாலும், அதில் வரும் அதிசய ஆற்றலின் தோற்றுவாயை இவ்வைந்தில் ஒன்றிலோ இரண்டிலோ அடக்கிவிடலாம். உயிரியல் தன் எல்லைக்குள் எளிதிற் கொள்ளத்தக்கவை முதலிரண்டுமாம். பிறப்பு என்பது பரம்பரையியலாகவும், மருந்து என்பது இரசாயனமாகவும் உருமாறிக் கதைக்குள் நுழைகின்றன. தவத்தின் கதி யாதாகின்றது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

சித்திகளை உயிரியலோடு இணைக்கும் முயற்சி கதையாசிரியரால் மட்டும் தொடங்கப்பட்டதன்று. ஜேர்மனியில் யெனா நகரிற் பேராசிரியராக விளங்கிய ஹான்ஸ் பேகர் என்பார், 1893 ஆம் ஆண்டில், இளைஞராகப் படைப்பயிற்சியில் ஈடுபட்டிருந்தபோது, குதிரையிலிருந்து வீழ்ந்து மயிரிழையில் உயிர் தப்பினார். அன்றே, அவருக்கு ஏதோ தீங்கு நேர்ந்ததென்று தொலைவிலிருந்த அவருடைய சகோதரி அஞ்சியதால், தந்தையிடமிருந்து நலம் வினவித் தந்தி வந்தது. இந்நிகழ்ச்சி அவர் வாழ்வையே திருப்பியது. மனத்தினின்று மனத்துக்குச் செல்லும் சத்தியைத் தேடி அவர் மூளையை ஆராயலானார். 1924 இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929 இல் அதனை வெளியிட்டார். இன்று வைத்தியசாலைகளில் வலிப்பு நோயை அறியப் பயன்படும் மூளை மின்பதிவு அவ்வாறு பிறந்ததே. ஆயின் அவர் தேடிய பொருள் அதிற் கிடைத்திலது. தலையோட்டின்மீது அளக்கப்படும் அவ்வலைகள் ஒரு வோற்றின் இலட்சத்தில் சில பங்கு வலிமையே உடையன. அயலறையில் இருப்பவரின் மூளைக்குச் செய்தி கொண்டு செல்ல அவை போதா. தேடியது கிட்டாவிடினும் தேடிய வழி நேர்மையானதாக இருந்தமையால் ஒரு பெரும்பயன் விளைந்தது.

அமெரிக்காவிலோ, தாவரவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்ற ஜே. பி. ரைன், டியூக் பல்கலைக்கழகத்திற் குறியீட்டுச் சீட்டுக்களைக் கொண்டு பரிசோதனைகள் நடத்தி, 1934 இல் புலன்கடந்த அறிவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பிறர் அப்பரிசோதனைகளைக் கண்டிப்பான முறையில் மீண்டும் நடத்தியபோது அப்பேறுகள் உறுதிப்படவில்லை. ஆயினும் அந்நூலின் செல்வாக்கு இலக்கியத்திற் பெரிதாயிருந்தது. 1937 இன் இறுதியில் 'அஸ்டவுண்டிங்' என்னும் சஞ்சிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்ற ஜோன் கம்பெல், இத்தகைய ஆற்றல்களில் ஆழ்ந்த நம்பிக்கை கொண்டவர். ஏ. ஈ. வான் வோக்டின் 'ஸ்லான்' 1940 இல் அச்சஞ்சிகையிலேயே தொடராக வந்தது. 1960 இல் அது 'அனலொக்' எனப் பெயர் மாறியபின், பிராங்க் ஹேர்பேட்டின் 'டியூன்' 1963 முதல் 1965 வரை அதிலேயே வெளியாயிற்று. பிறப்பைப் போற்றும் நூலும் பிறப்பை ஐயுறும் நூலும் ஒரே நாற்றங்காலில் வளர்ந்தமை வியக்கத்தக்கது.

முதலிற் பிறப்பை நோக்குவாம். 1927 இல் ஹேர்மன் முல்லர் என்னும் விஞ்ஞானி, எக்ஸ் கதிர்கள் பழ ஈயின் பரம்பரையலகுகளில் விகாரங்களை உண்டாக்குகின்றன என்று நிறுவினார். கதிர்வீச்சினால் உயிரினத்தை மாற்றலாம் என்னும் செய்தி கதையாசிரியரின் கற்பனைக்கு வித்தாயிற்று. ஹிரோஷிமாவின் பின் அச்சமும் அதனோடு சேர்ந்துகொண்டது. முல்லர் கண்ட விகாரங்களிற் பெரும்பாலானவை உயிருக்குக் கேடு பயப்பனவே. கதைகளிலோ அவை கேடு பயவாமல் அதிசய ஆற்றல்களை அள்ளி வழங்குகின்றன. கண் போன்ற ஓர் உறுப்பு, கோடிக்கணக்கான ஆண்டுகளில், சிறு சிறு மாற்றங்கள் சேர்ந்து கூர்ப்படைந்தது. மனத்தை வாசிக்கும் உறுப்பு ஒரே தலைமுறையில் முழுமையாகத் தோன்றுதல் கூர்ப்பின் நெறிக்கு ஒவ்வாது. 'ஸ்லான்' கதையில், தலையில் முளைத்த மெல்லிய தந்துகள் வாயிலாகப் பிறர் நினைவை அறியும் புதிய இனம் ஒன்று சித்திரிக்கப்படுகின்றது. அவ்வினத்தை மனிதர் வேட்டையாடுகின்றனர். கதை விரைந்து செல்கின்றது. ஆயின் அச்சிறுவன் வெல்லத்தக்கவன் என்பதற்கு அவனுடைய பிறப்பே போதிய சான்றாகிவிடுகின்றது.

ஜோன் விண்டம் 1955 இல் எழுதிய 'த கிறிசலிட்ஸ்' இதனினும் நுண்ணிய நூல். அணுப்போரால் அழிந்த உலகில், உடலிற் சிறு மாறுபாடு உடையோரையும் தெய்வத்துக்கு மாறானவர் என்று தள்ளும் சமுதாயம் ஒன்றை அவர் படைக்கின்றார். காலில் ஆறு விரல் உடைய ஒரு சிறுமி, ஈரமான பாறையிற் பதிந்த தன் அடிச்சுவட்டாற் காட்டிக்கொடுக்கப்படும் பகுதி நெஞ்சை உருக்குவது. கதைத் தலைவனும் அவன் தோழரும் பேசாமலே கருத்துப் பரிமாறும் ஆற்றலுடன் பிறந்தவர்கள். ஆற்றலின் உயிரியலை விண்டம் விரித்துரைக்கவில்லை, அது நன்றே. ஆயின் நூலின் முடிவு நம்மைத் திடுக்கிடச் செய்கின்றது. குழந்தைகளை மீட்க வரும் அயல்நாட்டுப் பெண், தன் ஊர்தியிலிருந்து பொழியும் நூலிழைகளால், எதிரிகளோடு காட்டோரத்தில் ஒதுக்கப்பட்டு வாழ்ந்தோரையும் கொன்றுவிட்டு, உயர்ந்த இனம் தாழ்ந்த இனத்தின் இடத்தைப் பெறுதல் இயற்கை என்று நியாயமும் கூறுகின்றாள். மாறுபட்டாரைக் கொல்லுதல் பாவம் என்று நூல் முழுவதும் கற்ற நாம், மாறுபட்டார் கொல்லும்போது யாது சொல்வது? பிறப்பால் வந்த மேன்மையை ஒருமுறை ஒப்புக்கொண்டால், துன்புற்றவரே துன்புறுத்துவோர் ஆவதற்கு அதிக தூரம் இல்லை. ஆசிரியர் இதனைக் கண்டிக்கின்றாரா, உடன்படுகின்றாரா என்பது தெளிவாகவில்லை. அத்தெளிவின்மையே அந்நூலை இன்றும் விவாதிக்கத்தக்கதாக வைத்திருக்கின்றது.

இனித் திரைப்படத்துக்கு வருவோம். ஜோர்ஜ் லூக்காஸ் 1977 இல் வெளியிட்ட 'ஸ்டார் வோர்ஸ்' படத்திற் கூறப்படும் பேராற்றல், உயிர்கள் அனைத்தினின்றும் தோன்றி அண்டம் முழுவதையும் பிணைத்து நிற்பது. 1980 இல் வந்த இரண்டாம் படத்தில், யோடா என்னும் சின்னஞ்சிறு முதிய குரு, சேற்றில் அமிழ்ந்த விண்ணூர்தியைத் தொடாமலே உயர்த்திக் கரை சேர்க்கின்றார். இளைஞனாகிய லூக் முயன்று தோற்றான். அவன் தோல்விக்கு உடலின் குறை காரணமன்று, நம்பிக்கையின் குறையே காரணம் என்று குரு உணர்த்துகின்றார். இது தவத்தின் வழி.

இக்காட்சியை ஒரு கணக்கினாற் சோதித்துப் பார்த்தல் சுவையானது. ஊர்தியின் நிறை பத்துத் தொன் என்றும், அது மூன்று மீற்றர் உயர்த்தப்பட்டது என்றும் வைத்துக்கொள்வோம். அதற்கு வேண்டிய சத்தி ஏறக்குறைய மூன்று இலட்சம் யூல், அதாவது எழுபது கிலோகலோரி. ஒரு வாழைப்பழத்தில் அடங்குவது. ஆகவே சத்தியின் அளவு இங்கே தடையாகாது. தசையினின்று அச்சத்தி வெளியேறித் தொலைவிலுள்ள பொருளை எவ்வழியாற் பற்றுகின்றது என்பதே தடை. மின்விலாங்கு மீன் எண்ணூறு வோற்றுக்கு மேற்பட்ட மின்னை வெளியிடுகின்றது. ஆயின் அதற்கென அதன் உடலின் பெரும்பகுதியை நிரப்பும் சிறப்புறுப்புக்களும், மின்னைக் கடத்தும் நீரும் இருக்கின்றன. உறுப்பும் ஊடகமும் இன்றி உயிரியலில் ஆற்றல் இல்லை. லூக்காஸ் இவ்விரண்டையும் கேளாமல் விட்டதனால் முதற் படங்களுக்குத் தீங்கு ஒன்றும் நேரவில்லை.

1999 இல் வந்த 'த பாண்டம் மெனஸ்' படத்தில் அவர் உறுப்பைத் தேடப் புகுந்தார். எல்லா உயிர்களின் கலங்களுள்ளும் மிடிக்குளோரியன் என்னும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்றும், பேராற்றலின் விருப்பத்தை அவையே உணர்த்துகின்றன என்றும் அப்படம் கூறுகின்றது. அனக்கின் என்னும் அடிமைச் சிறுவனின் குருதியைச் சோதிக்க, அவ்வெண்ணிக்கை இருபதினாயிரத்துக்கு மேற்படுகின்றது. யோடாவிடங்கூட அவ்வளவு இல்லை என்று அறிகின்றோம். சிறுவன் யாதும் கற்பதன் முன்னரே குருவை விஞ்சிவிட்டான்! இரசிகர் பலர் அன்று கொண்ட சினம் இன்றும் தணியவில்லை. மறைபொருள் இரசாயனமாயிற்று என்பதே அவர்கள் முறைப்பாடு.

ஆயின் இக்கற்பனையின் வேரில் உயிரியலின் மிக அழகிய உண்மை ஒன்று இருத்தலை மறுத்தல் ஆகாது. 1967 இல் லின் மார்குலிஸ் என்னும் இளம் பெண் விஞ்ஞானி, பல சஞ்சிகைகள் மறுத்த பின்னர் வெளியான கட்டுரை ஒன்றில், நம் கலங்களுக்குச் சத்தி வழங்கும் இழைமணிகளும் தாவரங்களின் பச்சையவுருமணிகளும் ஒருகாலத்திற் சுதந்திரமாக வாழ்ந்த பற்றீரியாக்கள் என்று வாதித்தார். அவற்றுக்கெனத் தனி டி.என்.ஏ. உண்டு என்பது உட்படப் பல சான்றுகள் அக்கொள்கையை நிலைநாட்டின. நம் உடல் ஒன்றன்று, ஒன்றுபட்டு வாழும் பலவாகும் என்பது இதனாற் பெறப்படும். மிடிக்குளோரியன் என்னும் பெயரின் ஒலியே இவ்விரு நுண்ணுறுப்புக்களையும் நினைவூட்டுகின்றது. ஒருவரையொருவர் இகழ்ந்த இரு இனத்தார் அப்படத்தின் இறுதியில் ஒன்றுசேர்ந்தே தம் கோளை மீட்கின்றனர். கூட்டுவாழ்வு என்னும் இக்கருத்தை லூக்காஸ் வளர்த்திருப்பின் அது சிறந்த தத்துவமாயிருக்கும். அவர் அதனை விட்டு எண்ணிக்கையைப் பற்றிக்கொண்டார். பிழை நுண்ணுயிரில் இல்லை; எண்ணிக்கையில் இருக்கின்றது.

அவ்வெண்ணிக்கையை உயிரியல் ஆதரிக்கின்றதா? மிடிக்குளோரியன் இழைமணியே என்று படம் கூறவில்லை. எனினும் ஒப்புமையைத் தொடர்ந்து சென்றால் மூன்று உண்மைகள் எதிர்ப்படுகின்றன. முதலாவது, முதிர்ந்த மனிதச் செங்குருதிக் கலங்களில் இழைமணி இல்லை; ஆகவே அவற்றை எண்ணக் குருதி உகந்த இடமன்று. இரண்டாவது, மனிதரின் இழைமணிகள் தாய்வழியே வருவன. அவ்வாறாயின், லூக்கும் அவன் சகோதரியும் அனக்கினிடமிருந்து அவற்றைப் பெற்றிரார். பேராற்றல் தந்தையின் கொடை என்னும் குடும்பக் கதை நிலைபெறாது. மூன்றாவதே மிக முக்கியமானது. மார்குலிஸின் கட்டுரை வந்த அதே 1967 இல், ஜோன் ஹொலொசி என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், நாள்தோறும் ஓடப் பழக்கிய எலிகளை ஆராய்ந்து, அவற்றின் தசையிலுள்ள இழைமணிகள் ஒட்சிசனைப் பயன்படுத்தும் திறன் ஏறக்குறைய இருமடங்காகப் பெருகியதையும், இழைமணிப் புரதத்தின் அளவும் மிகுந்ததையும் கண்டார். மனிதர் தசையிலும் இவ்வாறே நிகழ்தல் பின்னர் அறியப்பட்டது. பயிற்சியினால் எண்ணிக்கையே உயர்கின்றது! குருதிச் சோதனையாற் சிறுவனின் விதியைக் கணித்த படம், உயிரியலின் பாதியை மட்டுமே படித்திருந்தது. மறுபாதி தவத்தின் பக்கம் நிற்கின்றது.

குலம் ஒருமுறை கதைக்குள் நுழைந்தால் அதனை வெளியேற்றல் அரிது. 1983 ஆம் ஆண்டுப் படத்திலேயே, பேராற்றல் தன் குடும்பத்தில் வலிதாக உள்ளது என்று லூக் கூறிவிடுகின்றான். 2017 இல் வந்த 'த லாஸ்ட் ஜெடை' படம், ரே என்னும் நாயகியின் பெற்றோர் எவரும் அறியாத எளியோர் என்று துணிந்து கூறியது. இறுதியில், விலங்குத் தொழுவத்திற் பணிபுரியும் பெயரறியாச் சிறுவன் ஒருவன் விளக்குமாற்றைத் தொடாமலே தன் கைக்கு வரவழைத்தான். ஆயின் 2019 இல் வந்த அடுத்த படம், அவள் கொடுங்கோலரசனின் பேத்தி என்று மாற்றிவிட்டது. எளியோர் மகளுக்கு இத்துணை ஆற்றல் ஏது என்ற வினாவுக்குக் கதை அஞ்சிவிட்டது போலும்.

இவற்றோடு 'டியூன்' நூலை ஒப்பிடுகையில் ஹேர்பேட்டின் பெருமை புலப்படும். பதஞ்சலி கூறிய வழிகளில் மூன்று அதில் ஒருங்கே வருகின்றன. பெனி ஜெசெரிற் என்னும் பெண் துறவியர் கூட்டம், தொண்ணூறு தலைமுறைகளாக உயர்குடிகளைத் தெரிந்து மணமுடிப்பித்து, காலத்தையும் இடத்தையும் கடந்து காணும் ஒருவனைப் பிறப்பிக்க முயல்கின்றது. இது பிறப்பு. அராக்கிஸ் என்னும் பாலைவனக் கோளிற் கிடைக்கும் நறுமருந்து முன்காணும் ஆற்றலைத் தூண்டுகின்றது. இது மருந்து. ஒவ்வொரு தசையையும் நரம்பையும் வசப்படுத்தும் பயிற்சியும் அத்துறவியர்க்கு உண்டு. அதற்கு ஹேர்பேட் இட்ட பெயர் 'பிராண-பிந்து' என்பது. வடமொழி யோக நூல்களின் சொற்களை அவர் அறிந்தே எடுத்தாண்டார் என்பதற்கு வேறு சான்று வேண்டா. இது தவம்.

மூன்றையும் வைத்ததனால் மட்டும் நூல் சிறந்துவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு விலை விதித்தார். நறுமருந்து கண்களை முற்றாக நீலமாக்கும். பழகியபின் நிறுத்தினால் உயிர் போகும். அது வானத்திலிருந்து விழுந்ததுமன்று. பாலையில் வாழும் மாபெரும் புழுக்களின் வாழ்க்கைச் சுற்றில் விளைவது. அப்புழுக்களுக்கு நீர் நஞ்சு. ஆகவே கோளைப் பசுமையாக்க விரும்பும் மக்களின் கனவே ஆற்றலின் ஊற்றை வற்றச் செய்யும். சித்தி இங்கே சூழலியலின் ஒரு கண்ணி. குலத்தெரிவோ, ஜெசிக்கா என்னும் ஒருத்தியின் அன்பினாற் குலைகின்றது. மகளைப் பெறுமாறு பணிக்கப்பட்ட அவள், கணவனாகக் கொண்டவனின் விருப்பத்துக்காக மகனைப் பெறுகின்றாள். எதிர்பார்த்ததற்கு ஒரு தலைமுறை முன்னரே தோன்றிய அம்மகன் போல், ஆட்டுவிப்பார் கைக்கு அடங்காதவனாகின்றான். 1969 இல் வெளிவந்த தொடர்நூலில், தன் பெயரால் நடந்த போர்களில் மாண்டோர் 6,100 கோடி என அவனே கணக்கிடுகின்றான். வருவதைக் காணும் கண் வருவதைத் தடுக்கவில்லை. பிறப்பும் மருந்தும் தந்த ஆற்றல், அதனைத் தாங்கும் அறத்தைத் தரவில்லை என்பதே ஹேர்பேட் கூறிய பாடம். யோகசூத்திரமும், மூன்றாம் பாதத்திற் சித்திகளை வரிசைப்படுத்தும்போதே, அவை சமாதிக்கு இடையூறு என்று எச்சரித்தல் ஈண்டு நினையத்தக்கது.

'டியூன்' குறையற்றதன்று. தொண்ணூறு தலைமுறைத் தெரிவினால் முன்னுணர்வு போன்ற ஒரு பண்பை வளர்த்தல் இயலும் என்று கொள்வது, பண்புகள் பல பரம்பரையலகுகளும் சூழலும் கூடி விளைவன என்னும் உண்மையை எளிமைப்படுத்துவதாகும். முன்னோர் நினைவுகள் கலங்களின் வழியே இறங்கி வரும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஆயினும் இப்பிழைகள் கதையைக் கெடுக்கவில்லை. ஏனெனில் ஹேர்பேட்டின் உயிரியல் எவரையும் முடிசூட்டுவதற்காக வரவில்லை. முடிசூடியவனின் கால்களைக் கட்டுவதற்காக வந்தது. உயிரியல் என்பது எல்லைகளின் கல்வியுமாகும். உறுப்புக்கு உணவு வேண்டும், வளர்ச்சிக்குக் காலம் வேண்டும், ஒவ்வொரு பேற்றுக்கும் ஓர் இழப்பு உண்டு என்பது அதன் பாடம். அப்பாடத்தை ஏற்ற கதை, தன் விஞ்ஞானம் பிழைபட்டாலும் நிலைக்கின்றது.

இவ்வாராய்ச்சி கதைகளோடு முடிந்துவிடுவதன்று. ஒரு சிறுவனின் விரலிற் குத்திய ஒரு துளி குருதியைக் கொண்டு அவன் என்ன ஆவான் என்று கூறிவிடலாம் என்னும் ஆசை, படத்தில் வரும் குருவுக்கு மட்டும் உரியதன்று. ஒரு பரீட்சையின் புள்ளியைக் கண்டு ஒரு மாணாக்கனின் எல்லையைக் குறித்துவிடும் ஆசிரியருக்கும், இன்ன வீட்டுப் பிள்ளை என்பதனால் அதனைக் குறித்துவிடும் ஊராருக்கும் அவ்வாசை உண்டு. பிறப்பு ஒன்றுமே இல்லை என்று உயிரியல் கூறவில்லை. எலிகள் எல்லாம் ஒரே விரைவில் ஓடுவதில்லை. ஆயின் ஓடிய எலியின் தசை ஓடாத எலியின் தசை அன்று என்பதும் அதே உயிரியலே. இவ்வுண்மையை மறந்து எண்ணிக்கையை மட்டும் காட்டும் கதை, விஞ்ஞானத்தின் ஆடையை உடுத்த பழைய குலப்பெருமையே ஆகும். சேற்றினின்று ஊர்தியை உயர்த்திய முதியவரின் குருதியை எவரும் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. அக்காட்சி இன்றும் உள்ளத்தில் நிற்பதற்கு அதுவே காரணம் எனலாம்.